எல்லா அட்டையிலும் ஒரே பேய்

மார்லிஸ் ஓப்டால் தன் வாழ்நாளில் ஒரு ஜோக்கைக்கூட ஒழுங்காகச் சொல்லி முடித்ததில்லை. பாதி வழியிலேயே அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். அடக்கிக்கொண்டு தொடர்ந்தால் முடிவை முதலில் உளறிவிடுவாள். கேட்டவர்கள் மரியாதைக்குப் பல்லைக் காட்டிவிட்டு மழை எப்போது வரும் என்று பேச ஆரம்பிப்பார்கள். கல்யாண விருந்தில் மாமனார் அவளை ஒரு ஜோக் சொல்லச் சொன்னாராம். மாமனார் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது, அந்த ஜோக் இன்னும் முடியவில்லை என்பான் அவள் கணவன் வெர்ன்.

வேறு ஊராக இருந்தால் இது ஒரு குறையே இல்லை. எங்கள் வில்லோ ஃபோர்க்கில் குறைதான். அயோவாவில் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் ஹாலோவீனுக்கு முந்தின நாள் சாயங்காலமே வேஷம் கட்டிக்கொண்டு வீடு வீடாகக் கிளம்பிவிடும். அதற்கு பெக்கர்ஸ் நைட் என்று பெயர். பிச்சை என்று பெயர் வைத்தோமே தவிர யாரும் சும்மா போடமாட்டோம். வாசலில் நின்று ஒரு ஜோக் சொன்னால்தான் மிட்டாய். ஒன்றுமே சொல்லாமல் பையை நீட்டுகிற வெளியூர்ப் பிள்ளைகளைப் பார்த்தால் எங்களுக்கு என்ன வளர்ப்போ என்று தோன்றும். அக்டோபர் முழுக்கப் பிள்ளைகள் ஜோக் தேடி அலையும். நல்லதாக ஒன்று மாட்டிவிட்டால் உயிர் போனாலும் வெளியே விடாது. கூடப் பிறந்தவனிடம் சொன்னால்கூட அவன் முந்திக்கொண்டு போய்ச் சொல்லிவிடுவான் அல்லவா?

மார்லிஸ் முன்பு கூட்டுறவுக் கிடங்குக்குத் தானிய லாரி ஓட்டிக்கொண்டிருந்தாள். வயலில் அறுவடை இயந்திரத்தின் அருகே நிறுத்துவாள், சோளம் கொட்டும், கிடங்குக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பாள். சோளத்துக்குக் குட் மார்னிங் சொல்ல வேண்டியதில்லை. அந்த வேலை அவளுக்கு அவ்வளவு பொருந்தியிருந்தது. பிறகு முழங்கால் பாழாய்ப் போய், லாரியின் ஏணியில் ஏற முடியாமல் ஆனது. பள்ளிக்கூடத்தில் பஸ் ஓட்ட ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, போன ஆகஸ்டில் அந்த வேலையில் சேர்ந்தாள்.

அவளுக்கு முன்னால் அந்த பஸ்ஸை ஓட்டியவர் டென்னி. வாய் ஓயாத மனிதர். தினமும் காலையில் மைக்கைப் பிடித்து ஒரு ஜோக் சொல்லிவிட்டுத்தான் கியரைப் போடுவார். அவர் காலத்தில் பஸ் அமைதியாக இருந்த ஒரே இடம் ரயில் பாதை. அங்கே நிறுத்தி, கதவைத் திறந்து, ரயில் சத்தம் வருகிறதா என்று கேட்டாக வேண்டும் என்பது சட்டம், அதனால் பிள்ளைகள் வாயை மூடிக்கொள்ளும். மார்லிஸ் வந்த பிறகு வழி முழுவதுமே ரயில் பாதை மாதிரி ஆகிவிட்டது. கதவு திறக்கும், பிள்ளைகள் ஏறும், அவள் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலை மட்டும் தூக்குவாள். லாரிக்காரர்களுக்கு அது பெரிய மரியாதை. ஆறு வயசுக் குழந்தைக்கு அது ஒன்றுமே இல்லை.

அவள் முயற்சி செய்யாமல் இல்லை. குளியலறைக் கண்ணாடி முன்னால் குட் மார்னிங் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். அங்கே நன்றாகத்தான் வந்தது. பஸ் கதவைத் திறந்ததும் வாயில் கொழுக்கட்டை வந்து அடைத்துக்கொள்ளும். ஒரு நாள் ஒன்றாம் வகுப்புப் பிரின்லி, முன்பல் இரண்டும் விழுந்த வாயோடு, படியில் நின்று கேட்டாள்.

“டென்னி எப்ப வருவாரு?”

“வரமாட்டாரு,” என்றாள் மார்லிஸ்.

ஆகஸ்டிலிருந்து அந்த பஸ்ஸில் நடந்த மிக நீண்ட உரையாடல் அதுதான்.

“பிள்ளைங்க என்னைப் பார்த்தா கல்லறைக்குப் போற மாதிரி ஏறுதுங்க,” என்று வெர்னிடம் புலம்பினாள். “ஹாலோவீன் வரைக்கும் பார்ப்பேன். அதுக்குள்ள ஒரு பிள்ளையாவது என்கிட்ட தானா வந்து பேசலன்னா சாவியைக் கொண்டுபோய் ஆபீஸ்ல வெச்சுட்டு வந்துடுவேன்.”

“நான் உன்கிட்ட பேச ஒரு வருஷம் காத்திருந்தேன்,” என்றான் வெர்ன். “அதுங்களுக்கு அவ்வளவு பொறுமை இருக்காது.”

அவன் விளையாட்டாகச் சொன்னான், அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை. அவளுக்கு அந்தப் பிள்ளைகளைப் பிடித்திருந்தது, அதுதான் தொந்தரவே. எவன் காலையில் தூங்கி வழிகிறான், எவள் சாப்பாட்டுப் பையை மறந்துவிட்டு வருகிறாள், யார் யாரோடு சண்டை என்பதெல்லாம் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் பார்த்துப் பார்த்து அவளுக்கு மனப்பாடம். சொல்லத்தான் வாய் இல்லை.

வழியை அவளுக்குக் காட்டியது கம்ப்யூட்டர். தேவாலய விருந்துக்கு ஏதோ இனிப்புக்குச் செய்முறை தேடிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் ஒரு விளம்பரம் குதித்தது. பெயர் போட்ட ஹாலோவீன் வாழ்த்து அட்டை, நீங்களே செய்யலாம், முற்றிலும் இலவசம். மார்லிஸ் இனிப்பை மறந்தாள். தான் சொல்ல வேண்டியதில்லை, அட்டை சொல்லட்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் அதன் பெயர் போட்டு ஒரு அட்டை, உள்ளே அந்தப் பிள்ளைக்கென்று தனியாக ஒரு ஜோக். பெக்கர்ஸ் நைட்டுக்குப் பிள்ளைகளுக்கு வேறு என்ன வேண்டும்? நூலகத்துக்குப் போய் ஜோக் புத்தகங்களை அள்ளிக்கொண்டு வந்தாள்.

இலவசம் என்றால் எல்லாம் இலவசமில்லை என்பது பத்து நிமிஷத்தில் தெரிந்துபோயிற்று. முகம் செதுக்கிய ஹாலோவீன் பூசணிக்காய்ப் படங்களில் அழகானவற்றின் தலையில் எல்லாம் சின்னதாக ஒரு கிரீடம் இருந்தது. அவற்றைத் தொட்டால் காசு. கிரீடமில்லாத ஏழைப் பூசணிக்காய்களில் முகம் பார்த்துப் பார்த்துப் பொறுக்கினாள். பிரின்லிக்குப் பல் போன பூசணிக்காய். கடைசி சீட்டில் கால் நீட்டி உட்கார்ந்து ராஜ்யம் நடத்தும் ஐந்தாம் வகுப்பு ஓடினுக்கு, மல்யுத்தம் பழகுகிறவன் என்பதால், தோளை விரித்துக்கொண்டு நிற்கும் ஓநாய். எப்போதும் தூங்குகிற பையனுக்குத் தலைகீழாகத் தொங்கும் வௌவால். நாள் கணக்கில் உட்கார்ந்தாள். உருளைக்கிழங்கு கருகிய சாயங்காலங்களும் உண்டு. வெர்ன் ஒன்றும் சொல்லாமல் கருகியதைச் சுரண்டிவிட்டுச் சாப்பிட்டான்.

அவள் வேலை செய்த விதம் இது. முதல் அட்டையை முழுசாக முடித்தாள், வெளியே பெயரும் படமும், உள்ளே ஒரு பேய் ஜோக்கும். பிறகு நகல் பொத்தானை அழுத்தி அதையே அடுத்த அட்டையாக்கி, பெயரையும் படத்தையும் மாற்றினாள். மறுபடி நகல், மறுபடி பெயர், படம். வெளிப்பக்கம் எல்லாம் முடியட்டும், உள்ளே இருக்கும் ஜோக்குகளைக் கடைசியில் ஒரே மூச்சாக மாற்றிவிடலாம் என்பது அவள் திட்டம். நல்ல திட்டம்தான். ஆனால் கடைசிப் பெயரை அடித்து முடித்த நேரம் கிடங்கிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். மழை வருகிறது, வயலில் சோளம் நிற்கிறது, எடை மேடையில் ஆள் இல்லை, ஒரு கை கொடுக்க முடியுமா? எங்கள் ஊரில் அறுவடை நேரத்தில் அந்தக் கேள்விக்கு முடியாது என்ற பதிலே கிடையாது. எழுந்து போனாள்.

திரும்பி வந்தபோது தலையெல்லாம் சோளத் தூசி, கண்ணெல்லாம் தூக்கம். திரையில் பெயர்கள் வரிசையாக, அழகழகாக நின்றன. ஆஹா, முடித்தே விட்டேனே என்று நினைத்து அச்சடித்தாள். நடுவில் சிவப்பு மை தீர்ந்துபோய், பிற்பாதிப் பூசணிக்காய்கள் மஞ்சள் காமாலை வந்தவை போல் வந்தன. மடித்தாள், உறையில் போட்டாள். உள்பக்கத்தை ஒருமுறை பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

முப்பதாம் தேதி காலை, பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் இறங்கும்போது ஆளுக்கு ஒன்றாக நீட்டினாள். “உனக்கு மட்டும், யாருக்கும் காட்டாதே” என்று ஒவ்வொரு உறையிலும் எழுதியிருந்தாள். அப்படி எழுதியிருக்கவே வேண்டியதில்லை. ஜோக் என்று தெரிந்ததும் பிள்ளைகள் அட்டையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு திருடர்கள் மாதிரி நழுவின.

சாயங்காலம் ஊர் முழுக்க வாசல் விளக்கு எரிந்தது. வெர்ன் மிளகாய் பீன்ஸ் சூப்பும் இலவங்கப்பட்டை ரொட்டியும் செய்து வைத்திருந்தான். மார்லிஸ் மிட்டாய்க் கிண்ணத்தோடு வாசலில் நின்றாள். முதலில் வந்தது ஒரு கோழி. குளிருக்காக அம்மா மாட்டிவிட்ட ஜாக்கெட்டுக்கு மேலே அலகு மட்டும் தெரிந்தது, உள்ளே பிரின்லி.

“பேய் ஏன் ஸ்கூல் பஸ்ல ஏறல?” என்றாள்.

“ஏன்?”

“டிரைவர் கண்ணுக்கு அது தெரியல!”

மார்லிஸ் விழுந்து விழுந்து சிரித்தாள். கை நிறைய மிட்டாய் அள்ளிப் போட்டாள். அடுத்து ஒரு டிராக்டர் வந்தது. அட்டைப் பெட்டிக்குள் மூன்றாம் வகுப்புப் பையன்.

“பேய் ஏன் ஸ்கூல் பஸ்ல ஏறல?”

பிரின்லியிடம் சுட்டிருப்பான் என்று நினைத்தாள். அதற்கடுத்து இரண்டு பேர் சேர்ந்து வந்தார்கள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் “பேய் ஏன்” என்று ஆரம்பித்து, ஒருவரை ஒருவர் முறைத்தார்கள்.

“ஏய், அது என்னோடது!”

“உன்னோடதா? என் பேரு போட்டு எனக்கு வந்துச்சு!”

மார்லிஸ் கிண்ணத்தை வெர்ன் கையில் திணித்துவிட்டு உள்ளே ஓடினாள். கம்ப்யூட்டரில் ஒவ்வொரு அட்டையாக உள்ளே திறந்து பார்த்தாள். பேய், பேய், பேய். பஸ்ஸில் வருகிற அத்தனை பிள்ளைகளுக்கும் ஒரே பேய். இவளே பேய் அறைந்தவள் மாதிரி உட்கார்ந்துவிட்டாள். விஷயத்தைக் கேட்ட வெர்ன் கதவைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தான்.

“சிரிக்காத வெர்ன். அதுங்க ஒவ்வொரு வாசல்லயும் அவமானப்பட்டு நிக்கும். இன்னும் கொஞ்ச நேரத்துல ஊருக்கே கேட்ட ஜோக்கா ஆயிடும்.”

அவள் பயந்தது சரிதான். பக்கத்து வீட்டு கோர்டி ஒரு காலத்தில் பன்றி வளர்த்தவர், இப்போது முகத்தை உம்மென்று வைத்திருப்பதே முழுநேர வேலை. பெக்கர்ஸ் நைட்டில் அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. கேட்ட ஜோக்கை இரண்டாம் தடவை ஏற்கவும் மாட்டார். மார்லிஸ் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு திரும்ப வாசலுக்கு வந்தபோது வேலிக்கு அந்தப் பக்கம் அவர் குரல் கேட்டது.

“பஸ்ஸு, பேயி, டிரைவர் கண்ணுக்குத் தெரியல. அதானே? கேட்டாச்சு. வேற இருந்தா சொல்லு, இல்லன்னா நடையக் கட்டு.”

டிராக்டர் பையனின் குரல் தயங்கியது. “இல்ல தாத்தா, அது வேற பேய்.”

“வேற பேயா? அது ஏன் ஏறல?”

“அது... அது முதுகுல பை மாட்டும். பை அது உடம்புக்குள்ள புகுந்து கீழ விழுந்துடும். மறுபடி மாட்டும், மறுபடி விழும். அதுக்குள்ள பஸ் போயிடுச்சு.”

மிட்டாய் பைக்குள் விழும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான், செய்தி தெரு முழுக்கப் பரவிவிட்டது. கேள்வி ஒன்றுதான், பதிலை நீயே உண்டாக்க வேண்டும். அடுத்து வந்த பெண், பேய்க்கு பஸ் எதற்கு, அது மூன்றாம் வகுப்பு டாய்லெட்டிலேயே குடியிருக்கிறதே என்றாள். கோழி திரும்பவும் வந்து, பேய்க்கு அதன் அம்மா ஜாக்கெட் மாட்டி, பட்டன் போட்டு, குல்லா வைத்து, கையுறை தேடி முடிப்பதற்குள் பஸ் போய்விட்டது என்று மூச்சு வாங்கச் சொன்னது. மார்லிஸ் வேலியோரம் நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். பயம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, அவளை அறியாமல் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

அப்போதுதான் ஓடினின் குரல் கேட்டது.

“பேய் ஸ்டாப்புல நின்னுச்சு தாத்தா. பஸ் வந்துச்சு, கதவும் திறந்துச்சு. ஆனா டிரைவரம்மா ஒரு வார்த்த பேசல. ‘ஓ, இதுல ஏற்கெனவே ஒரு பேய் இருக்கு போல’ன்னு நெனச்சுக்கிட்டு அடுத்த பஸ்ஸுக்கு நின்னுடுச்சு.”

கோர்டி சிரித்தார். முதலில் இருமல் மாதிரி வந்து, பிறகு தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தார். கூட இருந்த பிள்ளைகளும் சிரித்தன. மார்லிஸ் கிண்ணத்தோடு அப்படியே நின்றாள்.

உள்ளே வந்து சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் முகத்தைப் பார்த்து வெர்ன் சிரிப்பை நிறுத்தினான்.

“ஜோக் நல்லாத்தானே இருந்துச்சு,” என்றான் மெதுவாக.

“நல்ல ஜோக்குதான். உண்மையா இருக்கே, அதான் வலிக்குது. நாளைக்குக் காலைல பிள்ளைங்கள இறக்கிவிட்டுட்டு சாவியைக் கொடுத்துடறேன்.”

“கொடுக்கறதுன்னா கொடு. இப்ப அந்தக் கிண்ணத்தைக் கொடு, வாசல்ல ஒரு டைனோசர் ரொம்ப நேரமா நிக்குது.”

மறுநாள் ஹாலோவீன். வேஷம் போட்டுக்கொண்டே பள்ளிக்கூடம் வரலாம் என்று சொல்லியிருந்தார்கள். மார்லிஸ் முதல் ஸ்டாப்பில் கதவைத் திறந்தாள். பழக்கத்தில் இரண்டு விரலைத் தூக்கினாள். கோழி ஏறியது, ஆனால் சீட்டுக்குப் போகவில்லை.

“மிஸஸ் ஓப்டால், மிஸஸ் ஓப்டால், நான் ரெண்டாவதா சொன்னத நீங்க கேக்கலியே!”

“எது, ஜாக்கெட்டா? கேட்டேன்.”

“இப்ப மறுபடி கேளுங்க.”

முழுவதும் கேட்டாள். அடுத்த ஸ்டாப்பிலும் அதே கதை. டிராக்டர் பெட்டி கதவில் மாட்டிக்கொண்டது, மாட்டிக்கொண்ட நிலையிலேயே அவன் தன் பதிலைச் சொன்னான். ஒவ்வொருவரும் படியில் நின்று சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தார்கள். பஸ் தாமதமாகிக்கொண்டே போனது. டாய்லெட் பேயைக் கண்டுபிடித்த பெண் அவளை வியப்பாகப் பார்த்தாள்.

“எல்லாருக்கும் ஒரே கேள்விய குடுத்து ரகசியமா வெச்சுக்கச் சொன்னீங்களே, எப்படி இந்த மாதிரி ஒரு விளையாட்ட யோசிச்சீங்க?”

மார்லிஸுக்கு அந்தப் புகழை அப்படியே வாங்கிக்கொள்ள ஆசையாக இருந்தது. ஆனால் அவளுக்குப் பொய்யும் ஜோக் மாதிரிதான், பாதியில் சொதப்பிவிடும்.

“நான் யோசிக்கல. வேற வேற ஜோக் போடணும்னுதான் இருந்தேன், மாத்த மறந்துட்டேன்.”

“சும்மா சொல்றாங்க,” என்றது கோழி. ஒருவரும் நம்பவில்லை.

பிறகு ஓடினின் ஸ்டாப் வந்தது. அவன் ஓநாய் முகமூடியைத் தலைக்கு மேலே தள்ளிவிட்டு ஏறினான். பஸ் சட்டென்று அடங்கியது. நேற்று அவன் சொன்னது எல்லோருக்கும் தெரிந்திருந்தது, கோர்டி அதை யாரிடமும் சொல்லாமல் விட்டுவைக்கவில்லை. ஓடின் அவளைப் பார்க்காமல் படியிலேயே நின்றான்.

“கோர்டி தாத்தா உங்ககிட்ட சொல்லிட்டாரா?”

“சொல்ல வேண்டியதில்ல. வேலிக்கு இந்தப் பக்கம் நான்தான் நின்னுக்கிட்டிருந்தேன்.”

அவன் காது சிவந்துபோயிற்று. “கோவமா?”

“நேத்து வருத்தமா இருந்துச்சு,” என்றாள் மார்லிஸ். அவள் குரல் அவளுக்கே புதிதாகக் கேட்டது. “ஆனா அவர சிரிக்க வெச்சுட்டியே. இந்த ஊர்ல யாராலயும் முடியல.”

ஓடினுக்குப் பெருமை தாங்கவில்லை, மறைக்கப் பார்த்தான், முடியவில்லை. பிறகு நிமிர்ந்து அவளை நேராகப் பார்த்தான்.

“சரி, எல்லாரும் சொல்லிட்டோம். நீங்க சொல்லுங்க. பேய் ஏன் பஸ்ல ஏறல?”

“நானா? எனக்கு ஜோக் சொல்ல வராதுப்பா.”

“சொல்லுங்க, சொல்லுங்க,” என்று பின்னாலிருந்து கத்தத் தொடங்கினார்கள். யாரோ சீட்டைத் தட்டித் தாளம் போட்டார்கள். பஸ் நின்றபடி இருந்தது. பின்னால் ஒரு சோள லாரி பொறுமையாகக் காத்திருந்தது. மார்லிஸ் மைக்கை எடுத்தாள். முடிவை முதலில் சொல்லிவிடுவேனோ என்று பயந்து, மனதில் இருந்ததை அப்படியே சொல்லிவிட்டாள்.

“பேய் ஸ்டாப்புல நின்னுச்சு. நான் பார்த்தேன். தினமும் பார்த்தேன். அது எந்தப் பக்கம் தல வாரும், எந்த நாள்ல சாப்பாட்டுப் பைய மறக்கும், எல்லாம் எனக்குத் தெரியும். ஆனா கதவைத் தொறந்தா அதுகிட்ட என்ன பேசறதுன்னு தெரியல. பேய்க்கு ஒண்ணும் பயமில்ல. எனக்குத்தான் பயம்.”

கோழி அலகைத் திருப்பி ஓடினைப் பார்த்தது.

“இதுல சிரிப்பு எங்க இருக்கு?”

ஓடின் தீவிரமாக யோசித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னான். “எங்கயும் இல்ல. மிஸஸ் ஓப்டால், இது ஜோக்கே இல்ல.”

“தெரியும்,” என்று மார்லிஸ் மைக்கில் சொன்னாள். சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மைக் வழியாக அது பஸ் முழுக்க முழங்கியது. பஸ்ஸில் அவள் சிரிப்பதை அந்தப் பிள்ளைகள் அன்றுதான் முதல்முறையாகக் கேட்டன. வாத்து கத்துகிற மாதிரி இருக்கும் அந்தச் சிரிப்பு, வெர்ன் அதில்தான் மயங்கினான் என்று ஊரில் சொல்வார்கள். கடைசி சீட்டில் யாரோ அதே மாதிரி சிரித்துக் காட்டினார்கள். பிறகு எல்லோரும்.

“படுமோசம்!” என்று டிராக்டர் கத்தினான். “உலகத்துலயே மோசமான ஜோக்!”

“டென்னி ஜோக்கு இதவிட மோசம்,” என்றான் ஓடின். அவன் கடைசி சீட்டுக்குப் போகவில்லை. அவளுக்கு நேர் பின்னால் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டான். “நாளைக்கு வேற ஒண்ணு சொல்லுங்க. நாங்க சரி பண்ணித் தரோம்.”

“நாளைக்கு எதுக்கு, இப்பவே சொல்லட்டும்!” என்றது கோழி. “இல்ல, மொதல்ல நான் சொல்றேன்!” என்றது இன்னொரு குரல். எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். ஒருவன் சீட்டின் மேலே ஏறினான், ஒருத்தியின் மந்திரக்கோல் கூரையில் இடித்தது. மார்லிஸுக்குச் சிரிப்போடு சேர்ந்து கண்ணும் நிறைந்துவிட்டது. சாவியைத் திருப்பிக் கொடுக்கும் நினைப்பு அவளுக்கு மறந்தே போயிற்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கை வாயருகே கொண்டுபோனாள்.

“உட்காருங்க எல்லாரும்! சத்தம் போடாதீங்க!”

ஒரு பிள்ளையும் அவள் சொன்னதைக் கேட்கவில்லை.